கோலம் போல் வளைந்து அறுக்கும் ரம்பம்!

மரத்தை நேராக அறுப்பது எளிது. கோடு போட்டு, ரம்பத்தை வைத்து இழுத்தால் போதும்.

ஆனால் மயிலின் கழுத்தை எப்படி அறுப்பது? மாங்காயின் வளைவை எப்படி எடுப்பது? பலகையின் ஓரத்தைத் தொடாமல், நடுவில் மட்டும் ஒரு பூவை எப்படி வெட்டி எடுப்பது?

இந்த மூன்று வேலைகளையும் செய்ய ஓர் எந்திரம் இருக்கிறது. அதன் பெயர் ஸ்க்ரோல் ரம்பம்.

'ஸ்க்ரோல்' என்றால் சுருள். சுருண்டும் வளைந்தும் செல்லும் கோடுகளை அறுப்பதால் இந்தப் பெயர். வாசலில் போடும் சிக்குக் கோலம் புள்ளிகளைச் சுற்றி வளைந்து போகிறது அல்லவா? அதுபோல இந்த ரம்பமும் வளைந்து போகும்.

இதற்குப் பெரிய பட்டறை தேவை இல்லை. வீட்டில் ஒரு மூலை போதும். பெயர்ப் பலகை, சாவி மாட்டும் பலகை, குழந்தைகளுக்குப் படப் புதிர், கொலுவுக்குச் சின்ன மண்டபம், சுவாமி படத்துக்குப் பூவேலைச் சட்டம் எல்லாம் செய்யலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஆசையோடு வாங்கி, இரண்டே வாரத்தில் பரணில் ஏற்றிவிடும் சாமான்கள் பல வீடுகளில் உண்டு. ஸ்க்ரோல் ரம்பமும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடக் கூடாது. வாங்கும்போது பார்க்க வேண்டியதைப் பார்த்து வாங்க வேண்டும். அறுக்கும்போது அவசரப்படக் கூடாது. இந்த இரண்டும் தெரிந்தால் போட்ட பணம் வீணாகாது.

தையல் எந்திரத்தின் தம்பி!

தையல் எந்திரத்தைப் பார்த்தவர்களுக்கு ஸ்க்ரோல் ரம்பம் உடனே புரிந்துவிடும்.

தையல் எந்திரத்தில் ஊசி ஒரே இடத்தில் நின்று மேலும் கீழும் போகிறது. துணியைத்தான் கை திருப்புகிறது. இங்கே ஊசிக்குப் பதில் மெல்லிய ரம்பப் பிளேடு. துணிக்குப் பதில் பலகை. அவ்வளவுதான் வித்தியாசம்!

எந்திரத்தில் ஓர் இரும்பு மேஜை இருக்கும். மேஜைக்கு மேலே ஓர் இரும்புக் கை, கீழே ஓர் இரும்புக் கை. இரண்டுக்கும் நடுவே 5 அங்குல நீளப் பிளேடு செங்குத்தாக மாட்டப்பட்டிருக்கும். மோட்டார் ஓடினால் இரண்டு கைகளும் சேர்ந்து அசையும். பிளேடு முக்கால் அங்குல அளவுக்கு ஏறி இறங்கும். நிமிஷத்துக்கு 400 முதல் 1,600 தடவை வரை இப்படி ஏறி இறங்கும் எந்திரங்களே அதிகம்.

பிளேடின் பற்கள் கீழ்நோக்கி இருக்கும். கீழே இறங்கும்போது அறுக்கும். பலகையையும் மேஜையோடு சேர்த்து அழுத்தும்.

வட்ட ரம்பத்தில் பலகை சிக்கினால், அது ஆளை நோக்கிப் பாய்ந்து வரும். பெரிய விபத்துகள் அப்படி நடப்பது உண்டு. ஸ்க்ரோல் ரம்பத்தில் அந்த அபாயம் இல்லை. மோட்டாரும் சின்னதுதான். சாதாரண வீட்டு எந்திரத்துக்கு 90 முதல் 150 வாட் மின்சாரம் போதும். அதனால்தான் வீட்டுக்கு ஏற்ற மின்சார ரம்பம் என்று இதைச் சொல்கிறார்கள்.

அரண்மனையில் வளர்ந்த கலை

மின்சாரம் வருவதற்கு முன்பே இந்தக் கலை இருந்தது.

பிரான்சு தேசத்தில் ஆந்த்ரே சார்ல் பூல் என்ற தச்சர் இருந்தார். 1642-ல் பிறந்து 1732-ல் மறைந்தவர். பதினான்காம் லூயி மன்னருக்கு மேஜை, அலமாரிகள் செய்து கொடுத்தவர். அவர் பட்டறையில் ஆமை ஓட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மெல்லிய ரம்பத்தால் சேர்த்து அறுத்தார்கள். ஒன்றில் வெட்டிய பூ மற்றொன்றின் குழியில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும்!

1760-ம் ஆண்டுகளில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் வேறொரு யோசனை செய்தார். அவர் தேசப் படங்களைச் செதுக்கி அச்சிடுபவர். ஒரு படத்தை மெல்லிய பலகையில் ஒட்டினார். நாடுகளின் எல்லைக் கோடுகளின் வழியே அறுத்தார். துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும் குழந்தைகள் பூகோளம் கற்றுக்கொண்டார்கள். இன்று எல்லா வீட்டுக் குழந்தைகளும் விளையாடும் படப் புதிர் அப்படி வந்ததுதான்.

1870-ம் ஆண்டுகளில் அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்து ராக்போர்டு நகரில் பார்ன்ஸ் சகோதரர்கள் காலால் ஓட்டும் ரம்ப எந்திரங்களைச் செய்து விற்றார்கள். தையல் எந்திரம் போல மிதித்து ஓட்டலாம். மரவேலை வீட்டுக்குள் வந்துவிட்டது. பெண்களும் இளைஞர்களும் இதில் ஈடுபட்டார்கள்.

வேலை போனது, ரம்பம் கைகொடுத்தது!

1929-ல் அமெரிக்காவில் பங்குச் சந்தை சரிந்தது. ஆலைகள் மூடப்பட்டன. 1933-ல் உழைப்பாளிகளில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை.

அந்தக் கஷ்ட காலத்தில்தான் படப் புதிர் மோகம் நாடெங்கும் பரவியது. சினிமாவுக்குப் போகக் காசு இல்லாத குடும்பங்கள் மாலை நேரத்தில் ஒரு புதிரை வைத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தன. வேலை இழந்த தச்சர்களும் கட்டட வரைபடக்காரர்களும் வீட்டில் ரம்பத்தை வைத்துப் புதிர்களை அறுத்தார்கள். சிலர் விற்றார்கள். சிலர் வாடகைக்கு விட்டார்கள். புத்தகத்தை வாடகைக்கு எடுப்பது போல ஜனங்கள் புதிரை எடுத்துப் போனார்கள்.

1932-ல் நியூயார்க்கில் பிராங்க் வேர், ஜான் ஹென்ரிகஸ் என்ற இரண்டு இளைஞர்கள் வேலை கிடைக்காமல் இருந்தார்கள். சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து முதல் புதிரை அறுத்தார்கள். அவர்கள் தொடங்கிய 'பார்' என்ற தொழில் பின்னர் பெரும் பெயர் பெற்றது. வாங்குபவர் பெயரையே ஒரு துண்டாக அறுத்து வைப்பது அவர்கள் வழக்கம். செல்வந்தர்கள் கேட்டு வாங்கினார்கள்.

அதே மோகத்தில் அட்டையால் செய்த மலிவுப் புதிர்களும் சந்தைக்கு வந்தன. அவற்றோடு விலையில் போட்டி போட முடியாத வீட்டுத் தொழிலாளர்கள் பலர் பின்தங்கினார்கள். வேலை நயத்தை நம்பியவர்கள் நின்றார்கள். இன்று ரம்பம் வாங்கிச் சம்பாதிக்க நினைப்பவர்களும் இதை மறக்கக் கூடாது.

மோட்டாரைப் பார்க்காதே, பிடியைப் பார்!

கடைக்குப் போனதும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "மோட்டார் எத்தனை வாட்?" என்பது. இந்த எந்திரத்தில் அது முக்கியம் அல்ல. முதலில் பார்க்க வேண்டியது, பிளேடைப் பிடிக்கும் பிடி.

பிளேடில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், இரு முனைகளிலும் குறுக்கே ஒரு சின்னக் கம்பி இருக்கும். மாட்டுவது சுலபம். ஆனால் பலகையின் நடுவே அறுக்கும்போது அந்தக் கம்பியும் நுழையும் அளவுக்குப் பெரிய துளை போட வேண்டும். நுண்ணிய பூவேலைக்கு அது ஆகாது. மற்றொன்று, கம்பி இல்லாத தட்டைப் பிளேடு. ஊசித் துளை போட்டாலே நுழைந்துவிடும். மிக மெல்லிய பிளேடுகள் இந்த வகையில்தான் கிடைக்கும். ஆகவே தட்டைப் பிளேடு பிடிக்கும் எந்திரமே நல்லது. இரண்டையும் பிடித்தால் மிக நல்லது.

அடுத்து, அந்தப் பிடியைக் கையாலேயே திறக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பூவேலைச் சட்டத்தில் 40 ஓட்டைகள் இருந்தால், பிளேடை 40 தடவை கழற்றி மாட்ட வேண்டும். ஸ்பானரைத் தேடி எடுத்துத் திருகினால் தடவைக்கு 2 நிமிஷம் ஆகும். மொத்தம் 80 நிமிஷம்! கையால் திருகும் பிடியில் அரை நிமிஷம் போதும். மொத்தம் 20 நிமிஷம். பரணுக்குப் போகும் எந்திரத்துக்கும் தினமும் ஓடும் எந்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு மணி நேரம்தான்.

நாணயப் பரீட்சை

இரண்டாவது, அதிர்வு. எந்திரம் நடுங்கினால் கோடும் நடுங்கும். கையும் வலிக்கும்.

இதற்கு ஒரு வேடிக்கையான பரீட்சை உண்டு. எந்திரத்தை ஓடவிட்டு, அதன் மேஜைமேல் ஒரு நாணயத்தை விளிம்பில் நிற்க வைக்க வேண்டும். நல்ல எந்திரத்தில் நாணயம் விழாமல் நிற்கும்! விலை குறைந்த எந்திரத்தில் நிற்காமல் போகலாம். அதற்காக அதை ஒதுக்கிவிட வேண்டியது இல்லை. கனமான பலகைமேல் வைத்து போல்ட்டு போட்டு முடுக்கி, அடியில் ரப்பர் விரிப்புப் போட்டால் அதிர்வு நன்றாகக் குறையும்.

மூன்றாவது, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி. மரத்தை வேகமாக அறுக்கலாம். பிளாஸ்டிக்கை வேகமாக அறுத்தால் அது உருகி, அறுத்த இடத்திலேயே மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய பித்தளைத் தகட்டுக்கும் மெதுவான ஓட்டமே நல்லது. புதிதாகப் பழகுபவர்களுக்கும் மெதுவான ஓட்டம்தான் துணை.

நான்காவது, பிளேடுக்கும் பின்னால் உள்ள தூணுக்கும் நடுவே உள்ள தூரம். 16 அங்குலம் என்று சொல்லி விற்பது இந்த அளவைத்தான். 16 அங்குலம் இருந்தால், 32 அங்குல அகலப் பலகையின் நடுப்பகுதி வரை அறுக்கலாம். வீட்டு வேலைக்கு இது தாராளம். 20 அங்குலம், 30 அங்குலம் எல்லாம் பெரிய வேலை செய்பவர்களுக்கு.

மேஜையைச் சாய்க்கும் வசதி, தூளை ஊதித் தள்ளும் குழாய், விளக்கு, கால் சுவிட்சு ஆகியவையும் உண்டு. இவற்றில் கால் சுவிட்சு ரொம்பவும் பிரயோஜனமானது. இரண்டு கைகளும் பலகையிலேயே இருக்கும். காலை எடுத்தால் எந்திரம் நின்றுவிடும்.

வெளிநாட்டில் உள்ள சொந்தக்காரர்கள் வாங்கி வருவதாக இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க எந்திரங்கள் 120 வோல்ட்டு மின்சாரத்துக்குச் செய்தவை. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட்டு. அப்படியே செருகினால் மோட்டார் கருகிவிடும். பிளேடு எங்கே கிடைக்கும், பழுது பார்ப்பவர் யார் என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

பழைய எந்திரம் வாங்குபவர்கள், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மேல் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். லொடலொடவென்று ஆடினால் உள்ளே தேய்மானம் என்று அர்த்தம்.

பணம் இல்லையா? கவலை வேண்டாம்!

எந்திரம் வாங்க வசதி இல்லாதவர்களுக்குக் கை ரம்பம் இருக்கிறது. இதை 'பிரட் ரம்பம்' என்பார்கள். வளைந்த இரும்புச் சட்டத்தில் அதே மெல்லிய பிளேடை மாட்டி, கையால் மேலும் கீழும் இழுத்து அறுப்பது. ஒரு சின்னப் பலகையில் 'வி' போல வெட்டி, அதை மேஜை ஓரத்தில் இறுக்கிக்கொண்டால் அதுவே அறுக்கும் மேடை.

விலை மிகக் குறைவு. சத்தம் இல்லை. மின்சாரம் வேண்டாம். நேரம்தான் அதிகமாகும். மைசூரில் கருங்காலி போன்ற கறுத்த ஈட்டி மரத்தில் வேறு மரத் துண்டுகளைப் பதிக்கும் கலைஞர்கள் இந்த மாதிரி மெல்லிய ரம்பத்தைக் கொண்டுதான் நுணுக்கமான உருவங்களை வெட்டி எடுக்கிறார்கள்.

இரண்டு மாதம் கை ரம்பத்தில் பழகியபின்னும் ஆசை குறையவில்லை என்றால் அப்போது எந்திரம் வாங்கலாம். கற்ற பழக்கம் வீண் போகாது.

பிளேடுக்கும் நம்பர் உண்டு

துணிக்கு ஏற்ற ஊசி போல, மரத்துக்கு ஏற்ற பிளேடு போட வேண்டும்.

நம்பர் கூடக் கூடப் பிளேடு பெரிதாகும். கால் அங்குலத்துக்குக் குறைவான பலகைக்கு 1 முதல் 3 வரை உள்ள நம்பர்கள் சரி. அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்றால் 5-ம் நம்பர். அதற்கு மேல் கனமான மரத்துக்கு 7 அல்லது 9. பழகுபவர்களுக்கு 5-ம் நம்பர்தான் ஏற்றது. அது சுலபத்தில் ஒடியாது.

'திருப்புப் பல்' பிளேடு என்று ஒன்று உண்டு. அதன் அடியில் உள்ள சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும். பலகையின் அடிப்பக்கம் சிராய் கிளம்பாமல் சுத்தமாக வரும். பிளைவுட்டுக்கு இது மிகவும் ஏற்றது.

பிளேடு ஒடிவது சகஜம். அதற்காக வருத்தப்படக் கூடாது. கடின மரத்தில் அரை மணி நேரத்திலேயே கூர் மழுங்கிவிடலாம். பலகையைத் தள்ள வேண்டியிருந்தாலோ, அறுத்த இடம் கருகினாலோ பிளேடு மழுங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். மழுங்கிய பிளேடோடு போராடுவதைவிட மாற்றிவிடுவது லாபம். ஆகவே எந்திரத்தோடு ஒரு டஜன் பிளேடாவது வாங்கி வைக்க வேண்டும்.

தம்புரா போல மீட்டிப் பார்!

பிளேடை மாட்டும்போது பற்கள் கீழ்நோக்கியும் முன்பக்கமும் இருக்க வேண்டும். விரலால் மேலிருந்து கீழாகத் தடவினால் வழுக்கும். கீழிருந்து மேலாகத் தடவினால் பிடிக்கும். அப்படி இருந்தால் சரி. மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும்.

பிறகு இறுக்கம். தம்புராக் கம்பியைச் சுண்டுவது போலப் பிளேடைச் சுண்டிப் பார்க்க வேண்டும். 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் இறுக்கம் போதாது. 'டிங்' என்று தெளிவாக ஒலித்தால் சரி. தொய்ந்த பிளேடு கோட்டை விட்டு அலையும். சீக்கிரம் ஒடியும்.

மூலைமட்டத்தை மேஜைமேல் வைத்துப் பிளேடு செங்குத்தாக நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் புதிர்த் துண்டுகள் ஒரு பக்கமாகத்தான் கழன்று வரும்.

படத்தைத் தாளில் வரைந்து, லேசான பசையால் பலகைமேல் ஒட்டிவிடலாம். அதன்மேல் கண்ணாடி போன்ற செல்லோ டேப்பை ஒட்டினால் மரம் கருகுவது குறையும்.

மரமும் ரேகையும்

நாற்காலி, கட்டில் செய்யும் பட்டறைகளில் கழித்த துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். தேக்கு, மா, பலா, ரப்பர் மரம் எல்லாம் அறுக்க ஏற்றவை. நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மரம் வளைந்து பிளேடைக் கவ்விக்கொள்ளும்.

மரத்தின் ரேகையைக் கவனிப்பது மிக முக்கியம். மயிலின் கழுத்து ரேகைக்குக் குறுக்கே போனால், மாலை முழுவதும் செய்த வேலை ஒரு நொடியில் ஒடிந்துவிடும். கழுத்தின் நீளமும் ரேகையின் நீளமும் ஒரே திசையில் இருக்கும்படி படத்தை ஒட்ட வேண்டும். பிளைவுட்டில் தகடுகள் மாறி மாறிக் குறுக்கே ஒட்டப்பட்டிருப்பதால் இந்தக் கவலை குறைவு.

தள்ளாதே, காட்டு!

அனுபவசாலிகள் சொல்லும் ஒரே மந்திரம் இதுதான். பலகையைப் பிளேடுமீது தள்ளக் கூடாது. கோட்டைப் பிளேடுக்குக் காட்டினால் போதும். அறுப்பது பிளேடின் வேலை.

இரண்டு கைகளின் விரல்களாலும் பலகையை மேஜையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தாவிட்டால் பிளேடு மேலே ஏறும்போது பலகையும் குதிக்கும். புதிதாகச் செய்பவர்கள் பயந்துபோவது இந்த இடத்தில்தான். உடனே சுவிட்சை அணைத்துவிட்டால் போதும்.

இன்னொரு விசித்திரம் உண்டு. நேர்க்கோட்டில் பலகையை நேராகக் கொடுத்தாலும் பிளேடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அது கையின் குற்றம் அல்ல. பற்களை வெட்டும்போது பிளேடின் ஒரு பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் அதிகமாக அறுக்கிறது. பலகையைச் சற்றே சாய்த்துக் கொடுத்தால் கோடு நேராக வரும். எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பது நாலைந்து பலகை அறுத்ததும் கைக்கே தெரிந்துவிடும்.

கூர்மையான மூலை வந்தால் அங்கே நிற்க வேண்டும். எந்திரத்தை ஓடவிட்டபடியே, பிளேடை அச்சாக வைத்துப் பலகையைச் சட்டென்று திருப்ப வேண்டும். திருப்பும்போது முன்னால் தள்ளக் கூடாது.

நடுவில் உள்ள ஓட்டைகளை முதலில் அறுக்க வேண்டும். ஓரத்தைக் கடைசியில் அறுக்க வேண்டும். ஓரத்தை முதலில் அறுத்துவிட்டால் பிடித்துக்கொள்ள இடம் இருக்காது. நடு ஓட்டைக்குச் சின்னத் துளை போட்டு, பிளேடின் மேல் முனையைக் கழற்றி, துளையில் நுழைத்து, மறுபடியும் மாட்டி இறுக்கிவிட்டு அறுக்கலாம்.

ஒரே மாதிரி நாலு பூ வேண்டுமா? மெல்லிய பலகைகள் நான்கை அடுக்கி, சுற்றிலும் டேப் ஒட்டி, ஒரே தடவையில் அறுக்கலாம். பூல் பட்டறையில் செய்த அதே தந்திரம்தான்! கடைசியாக ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தால் வேலை முடிந்தது.

முந்தானை ஜாக்கிரதை!

சாதுவான எந்திரம் என்றாலும் அதுவும் ரம்பம்தான்.

முந்தானையைச் செருகிக்கொள்ள வேண்டும். சடையைக் கொண்டையாக முடிந்துகொள்ள வேண்டும். தோளில் துண்டு, தொங்கும் சங்கிலி, தளர்ந்த வளையல், கையுறை எதுவும் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். விரல் ஒருபோதும் பிளேடுக்கு நேர் எதிரே இருக்கக் கூடாது.

ஓடும்போது பிளேடு ஒடிந்தால், ஒடிந்த முனை மேல் கையோடு சேர்ந்து குத்தீட்டி போல ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். கையை அருகே கொண்டுபோகக் கூடாது. முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். பிளேடை மாற்றும்போதெல்லாம் பிளக்கைப் பிடுங்கிவிடுவது நல்ல பழக்கம். வேலை முடிந்தபின் சின்னக் குழந்தைகள் தொடாதபடி மூடி வைக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து தூள். மரத்தூளால் மனிதருக்குப் புற்றுநோய் வரக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியது. பல ஆண்டுகள் மரத்தூளைச் சுவாசித்த மேஜை நாற்காலித் தொழிலாளர்களுக்கு மூக்கினுள் புற்றுநோய் வந்ததுதான் முக்கியச் சான்று.

ஓய்வு நேரத்தில் செய்பவர்களுக்கு அவ்வளவு அபாயம் இல்லை. ஆனாலும் வீட்டில் குழந்தைகளும் முதியவர்களும் இருக்கிறார்கள். தாழ்வாரம், மொட்டை மாடி போன்ற காற்றோட்டமான இடத்தில் அறுப்பது நல்லது. என்-95 வகை முகமூடி அணிய வேண்டும். தூளைத் துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். படுக்கை அறையும் சமையலறையும் கூடவே கூடாது.

விற்க நினைப்பவர்களுக்கு

பெயர்ப் பலகை, சுவர் அலங்காரம் போன்றவற்றை விற்று வீட்டிலிருந்தே ஓரளவு சம்பாதிப்பவர்கள் உண்டு. பொம்மை விற்பதில் மட்டும் சட்டம் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் 1-1-2021 முதல் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. முதலில் பதிவு, பிறகு விற்பனை என்று வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வாயில் போடும் அளவுள்ள துண்டுகளைக் கொடுக்கக் கூடாது. ஈயம் கலந்த பெயின்டும் ஆகாது.

முதல் வேலை

மயிலோடு தொடங்க வேண்டாம். ஒரு பழைய பலகையில் நேர்க்கோடு, அலைக்கோடு, சதுரம், சுருள் ஆகிய நான்கையும் வரைந்து அறுத்துப் பழக வேண்டும். பத்துத் தடவை அறுத்தால் கை பழகிவிடும்.

அடுத்ததாக, வீட்டுக் குழந்தைக்கு ஆறு துண்டுப் புதிர் ஒன்று. காலண்டரில் வந்த யானைப் படம் போதும். கால் அங்குலப் பிளைவுட்டில் ஒட்டி, நன்றாகக் காய்ந்தபின் பெரிய பெரிய வளைவுகளாக அறுத்து, ஓரங்களைத் தேய்த்துக் கொடுக்கலாம். கடையில் வாங்கிய பத்து பொம்மைகளுக்கு நடுவே குழந்தை அதைத் தேடி எடுக்கும்.

ஒரு பலகைத் துண்டு, ஒரு டஜன் பிளேடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. தொடங்குவதற்கு இவ்வளவு போதும்.